குணமடைந்தது குற்றமா?

2009ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8ஆம் நாள், அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தைச் சேர்ந்த 29 குழுக்களுக்கு ஒரு மின்னஞ்சல் சென்றது. அச்சங்கத்தில் உள்ள குழுக்கள் மொத்தம் 30. எஞ்சிய ஒரு குழுவாகிய போர்ட்லன்ட் டிரெயில் பிளேசர்சின் தலைவர் லேரி மில்லரே அதனை அனுப்பியவர். போர்ட்லன்டின் சம்பளக் கணக்குக்கு ஊறு விளைவிக்கும் நோக்கத்துடன் டாரியஸ் மைல்ஸ் என்னும் ஆட்டக்காரரை எந்தக் குழுவேனும் வேலைக்கு அமர்த்துமாயின் வழக்குத் தொடரவும் தயங்கமாட்டோம் என்பதே அம்மடலின் சாரம். மைல்ஸ் செய்த குற்றம் யாது? களவா? கையூட்டா? அவருடைய முழங்கால் தேறிவிட்டது. ஆட முடியாதவர் என்று ஏட்டில் எழுதப்பட்டவர் ஆடத் தொடங்கிவிட்டார். அவ்வளவே.

அமெரிக்கச் செல்வர்களின் கணக்கு வழக்கைப் பற்றித் தமிழாசிரியர்க்கு என்ன கவலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். கவலை உண்டு. ஒருவனுடைய ஆற்றலைக் குறித்து ஏட்டில் தீர்ப்பெழுதும் பொறுப்பு இரு சாரார்க்கு மிகுதி. ஒரு சாரார் மருத்துவர். மறு சாரார் ஆசிரியர். ‘இவன் தேறமாட்டான்’ என்று எழுதி அனுப்பப்பட்ட மாணவன் வேறொரு பள்ளியில் சேர்ந்து தேறிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதற்பள்ளி மகிழ வேண்டுமா, வெட்க வேண்டுமா, அன்றி அவனைச் சேர்த்துக்கொண்ட பள்ளியின்மீது வழக்குத் தொடுக்க வேண்டுமா? மகிழ்ந்தால் பெருந்தன்மை, வெட்கினால் நேர்மை. மூன்றாவதற்கு என்ன பெயர் வைப்பது? போர்ட்லன்ட் குழு மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தது.

மைல்ஸ் 1981இல் பிறந்தவர். மிசிசிப்பி ஆற்றோரத்தில், இலினாய் மாநிலத்தில் உள்ள ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்னும் வறிய நகரத்தில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தவர். கல்லூரி வாயிலை மிதிக்காமலே 2000ஆம் ஆண்டில் தொழில்முறை ஆட்டத்திற்கு வந்தார். அவ்வாண்டுப் புதுமுகத் தேர்வில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் குழு அவரை மூன்றாமவராகத் தெரிவு செய்தது. 2002இல் ஆண்ட்ரே மில்லர் என்னும் ஆட்டக்காரருக்கு மாற்றாகக் கிளீவ்லன்ட் குழுவிடம் கைமாற்றப்பட்டார். 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர்ட்லன்ட் அவரைப் பெற்றது. அவ்வாண்டிலேயே ஆறு ஆண்டுகளுக்கு 48 மில்லியன் டாலர் என்று அவருடன் ஒப்பந்தமும் செய்துகொண்டது. இந்த ஒப்பந்தத்தை யாரும் கத்திமுனையில் கேட்டுப் பெறவில்லை என்பதை நினைவில் இருத்துதல் நலம்.

2006ஆம் ஆண்டு நவம்பரில் மைல்சின் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. முழங்கால் மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து போனால் அது தானாக வளர்வதில்லை. ஆகவே மருத்துவர்கள் அந்த இடத்து எலும்பில் நுண்ணிய துளைகளை இடுகின்றனர். துளைகளின் வழியே எலும்பு மச்சையிலிருந்து கசியும் குருதி உறைந்து, நாளடைவில் ஒரு வகை நார்க் குருத்தெலும்பாக மாறுகிறது. இயற்கையில் அமைந்ததைப் போன்ற வலிமை அதற்கு இல்லை. ஓடுவதும் குதிப்பதுமே பிழைப்பாகக் கொண்டவனுக்கு இது பெருஞ்சோதனை. பல வாரங்கள் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். பிறகு குழந்தையைப் போல் நடை பயில வேண்டும். மைல்ஸ் இரண்டு பருவங்கள் முழுவதும் களத்தில் இறங்கவில்லை.

ஆயினும் இந்த அறுவைச் சிகிச்சை எல்லாருடைய ஆட்டத்தையும் முடித்துவிடுவதன்று. பீனிக்ஸ் குழுவின் அமாரே ஸ்டவுடமயர் 2005 அக்டோபரில் இதே சிகிச்சையைப் பெற்றார். அடுத்த பருவம் ஏறக்குறைய முழுவதும் வீணாயிற்று. ஆனால் 2007இல் சங்கத்தின் தலைசிறந்த ஐவர் கொண்ட முதல் அணியில் அவர் பெயர் இடம்பெற்றது. போர்ட்லன்ட் குழுவே 2007இல் முதல் தேர்வாக எடுத்த கிரெக் ஓடன் என்னும் இளைஞருக்கு அவ்வாண்டு செப்டம்பரில் இதே சிகிச்சை நடந்தது. அவருக்காக ஓராண்டு பொறுமையுடன் காத்திருந்தது அக்குழு. இருவருக்கும் ஒரே நோய், ஒரே கத்தி. ஒருவர் வருங்காலச் செல்வம். மற்றவர் பழைய கடன். காத்திருப்பதா, கைகழுவுவதா என்பதை முழங்கால் முடிவு செய்யவில்லை.

இங்கே சம்பள உச்சவரம்பு என்னும் ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். பணம் படைத்த குழுக்கள் நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் விலைக்கு வாங்கிவிடாதிருக்க, ஒரு குழு தன் ஆட்டக்காரர்க்கெல்லாம் சேர்த்துத் தரும் சம்பளத்துக்குச் சங்கம் ஓர் எல்லை வகுத்துள்ளது. 2008-09 பருவத்தில் அவ்வெல்லை 58.68 மில்லியன் டாலர். சில விதிவிலக்குகளைக் கொண்டு இதனைத் தாண்டலாம். ஆனால் 71.15 மில்லியனையும் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் இன்னொரு டாலர் வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. அவ்வரிப் பணம் எல்லைக்குள் அடங்கி நின்ற குழுக்களுக்குப் பங்காகச் செல்லும். ஏற்பாட்டின் நோக்கம் நல்லதே. வலியவன் எளியவனை விழுங்காதிருக்க வேலி கட்டுவதை யார் குறை கூறுவார்?

ஆட முடியாத நோயாளியின் சம்பளமும் இந்தக் கணக்கில் ஏறி நிற்குமே, அது அநீதியன்றோ என்று குழு உரிமையாளர்கள் கேட்டனர். அதற்கும் வழி செய்யப்பட்டது. சங்கமும் ஆட்டக்காரர் தொழிற்சங்கமும் கூடித் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் ஒருவர், ‘இவருடைய ஆட்டவாழ்வு முடிந்துவிட்டது’ என்று உறுதி கூறினால், குழு அவரை விடுவித்து, அவருடைய சம்பளத்தை உச்சவரம்புக் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். சம்பளப் பணம் அவருக்குச் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். கணக்கேட்டில் மட்டும் மறைந்துவிடும். 2008 ஏப்ரலில் போர்ட்லன்ட் இந்த வழியில் மைல்சை விடுவித்தது. 2008-09, 2009-10 ஆகிய இரு பருவங்களுக்குமாக ஏறத்தாழ 18 மில்லியன் டாலர் ஏட்டிலிருந்து மறைந்தது. அப்போது மைல்சுக்கு வயது 26.

அந்த விதிக்கு ஒரு வாலும் உண்டு. ஆட்டம் முடிந்தவர் என்று அறிவிக்கப்பட்டவர் மீண்டும் களமிறங்கி, ஒரே பருவத்தில் 10 ஆட்டங்கள் ஆடிவிட்டால், எந்தக் குழுவுக்காக ஆடினாலும் சரி, மறைந்த தொகை முழுவதும் பழைய குழுவின் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பருவத்திற்கு முந்திய பயிற்சிப் போட்டிகளும் அந்தப் பத்தில் சேரும்.

மைல்ஸ் ஓய்ந்து உட்காரவில்லை. 2008 ஆகஸ்டில் போஸ்டன் செல்டிக்ஸ் குழு அவரைச் சோதித்துப் பார்க்க முன்வந்தது. ஆறு பயிற்சிப் போட்டிகளில் ஆடினார். பருவம் தொடங்குமுன் போஸ்டன் அவரை விடுவித்துவிட்டது. டிசம்பரில் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் குழு அவரை எடுத்துக்கொண்டது. இரண்டு ஆட்டங்கள் ஆடியபின் ஜனவரியின் தொடக்கத்தில் அதுவும் விடுவித்தது. ஆறும் இரண்டும் எட்டு. இன்னும் இரண்டே ஆட்டங்கள்! அந்த வேளையில்தான் போர்ட்லன்டின் மின்னஞ்சல் பறந்தது. வேலையின்றி நின்ற ஒருவனைக் குறித்து, அவனுக்கு வேலை தரக்கூடிய அத்தனை வாயில்களுக்கும் ஒரே நாளில் எச்சரிக்கை அனுப்பப்பட்டது. தோட்டப்புறத்து வரலாறு அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒரு தோட்டத்தில் நீக்கப்பட்டவனை அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் சேர்த்துக்கொள்ளாதபடி செய்வது துரைமார்கள் கையாண்ட பழைய தந்திரம்.

போர்ட்லன்டின் பக்கம் நின்று வாதிடுவோர் இல்லாமல் இல்லை. அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

மைல்ஸ் முழுச் சம்பளமும் பெற்றவர்; அவருக்கு என்ன நட்டம் என்று முதலில் கேட்கின்றனர். ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுத்துவிட்டால் ஆட்டத்தைப் பறித்துக்கொள்ளலாம் என்பது இவ்வாதத்தின் உட்பொருள். ஓர் ஆசிரியருக்கு ஓய்வூதியத்தை உயர்த்திக் கொடுத்துவிட்டு, இனி எந்த வகுப்பறையிலும் கால் வைக்கக்கூடாது என்று அவருடைய நாற்பதாம் வயதில் சொன்னால் அவர் நன்றி கூறிவிட்டுச் செல்வாரா? தொழில் என்பது கூலி மட்டுமன்று. சிறுவயது முதல் ஒரே ஒரு கலையைப் பயின்ற இருபத்தேழு வயது இளைஞனிடம் அந்தக் கலையை விட்டுவிடு, உன் நலத்துக்காக அன்று, எங்கள் கணக்குக்காக, என்று சொல்வது கொடுமை.

மைல்ஸ் நல்லொழுக்கம் உடையவர் அல்லர் என்று அடுத்துச் சொல்கின்றனர். உண்மைதான். போர்ட்லன்டில் இருந்தபோது பயிற்றுநர் மோரிஸ் சீக்ஸ்மீது கடுஞ்சொற்களை வீசியதற்காக 2005இல் இரண்டு ஆட்டங்களுக்கு நீக்கி வைக்கப்பட்டவர் அவர். 2008இல் போதைப்பொருள் தடுப்பு விதியை மீறியதற்காக 10 ஆட்டத் தடையும் பெற்றார். பயிற்றுநரை ஏசியதை எந்த ஆசிரியரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்; பொறுக்கவும் கூடாது. ஆனால் அக்குற்றங்களுக்கு உரிய தண்டனை விதிநூலில் இருந்தது, அது விதிக்கப்பட்டது, அவர் அனுபவித்தார். ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவனுடைய முழங்கால் குணமடையக் கூடாது என்று எந்த விதிநூலும் சொல்லவில்லை. நல்லவர்க்கு மட்டும் நீதி என்றால் அதற்கு நீதி என்று பெயர் வைப்பானேன்?

மூன்றாவது வாதம் இவற்றைவிட வலியது. மெம்பிஸ் குழு தூய மனத்தோடு மைல்சை எடுத்ததா? போர்ட்லன்ட் வரி கட்டினால் அப்பணத்தில் பிற குழுக்களுக்குப் பங்கு கிடைக்கும். 2009 கோடையில் புதிய ஆட்டக்காரர்களைத் தேடிச் சந்தைக்கு வரவிருந்த போர்ட்லன்டின் கையும் சுருங்கும். ஆகவே போட்டிக் குழு ஒன்று வஞ்சம் தீர்க்க மைல்சைக் கருவியாக்கலாம் அன்றோ? ஆக்கலாம். அப்படி ஒரு நினைப்பு யார் மனத்திலும் இருந்ததில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நினைப்புக்கு இடம் கொடுத்தது எது? ஒருவன் நலமடைந்தால் இன்னொருவனுக்குத் தண்டம் என்று எழுதி வைத்த விதியே அன்றோ! அந்த விதி இல்லாதிருந்தால் மெம்பிஸ் மைல்சை எடுத்ததற்கு ஒரே ஒரு காரணந்தான் இருந்திருக்கும்: அவரால் ஆட முடியும் என்பது. விதி வந்து சேர்ந்ததும் அவரை எடுப்பதும் சூதாயிற்று. எடுக்காமல் விடுவதும் சூதாயிற்று. அவர் பந்தை எறியும் திறத்தைப் பார்ப்பாரைக் காணோம். அவர் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணுவாரே மிகுந்தனர்.

விதியை வகுத்தவர்கள் மூடர் அல்லர். அந்த வால் இல்லையெனில், பிடிக்காத ஒப்பந்தத்தைத் தொலைக்க விரும்பும் குழு பொய் நோய் காட்டித் தப்பிவிடும் என்று அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் நோய் உண்டா இல்லையா என்று கூற ஒரு மருத்துவரை இரு தரப்பும் கூடித் தேர்ந்தெடுத்தார்களே, பிறகு அவருடைய சொல்லுக்கு என்ன மதிப்பு? மருத்துவர் ஏமாற்றப்பட்டார் என்றால் ஏமாற்றியவனை விசாரித்துத் தண்டிக்கட்டும். மருத்துவரின் கணிப்பு நேர்மையாகவே தவறியது என்றால் அது யாருடைய குற்றமும் அன்று; உடலின் வியப்பு அது. இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கும் உழைப்பைத் தவிர்ப்பதற்காக, சோதனைக்கோலை ஆட்டக்காரனின் காலில் கட்டிவிட்டனர். தண்டம் குழுவின் ஏட்டில்தான் விழுகிறது என்பர். ஏட்டில் அப்படித்தான். அத்தண்டத்தைக் குறித்த அச்சம் யார் தலையில் விழுந்தது என்பதை அந்த மின்னஞ்சலில் காணலாம்.

மேலும் அந்தத் தீர்ப்பைக் கேட்டு நின்றது யார்? மைல்சா? ‘என்னால் முடியாது’ என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. போர்ட்லன்ட் குழுவே கேட்டது. அதனால் விளையும் நன்மையையும் குழுவே பெற்றது. பத்தாவது ஆட்டத்தின் விதியும் கேட்கும்போதே அதற்குத் தெரியும். ஆதாயத்தை வாங்கிக்கொண்டு ஆபத்தை மட்டும் பிறர் சுமக்க வேண்டும் என்பது வணிகமும் ஆகாது, விளையாட்டும் ஆகாது. அக்குழுவின் உரிமையாளர் அப்போது பால் ஆலன். மைக்ரோசாப்ட் நிறுவனத்தை நிறுவிய இருவருள் ஒருவர். உலகப் பெருஞ்செல்வர் வரிசையில் எண்ணப்பட்டவர். வறுமைக்கு அஞ்சி எழுதப்பட்ட மடல் அன்று அது.

ஆட்டக்காரர் தொழிற்சங்கம் வாளாவிருக்கவில்லை. ஒருவனுடைய பிழைப்பை மறிக்கும் முயற்சி இது என்று முறையீடு செய்தது. மெம்பிஸ் குழுவும் அஞ்சவில்லை. அந்த ஜனவரியிலேயே மைல்சை மீண்டும் அழைத்து, பத்து நாள் ஒப்பந்தம் தந்தது. பத்தாவது ஆட்டமும் வந்தது, போயிற்று. போர்ட்லன்டின் ஏட்டில் அந்தத் தொகை திரும்ப ஏறியது. அப்பருவத்தில் வரிக் கோட்டைத் தாண்டிய குழுக்களுள் போர்ட்லன்டும் ஒன்றாயிற்று.

அதனால் வானம் இடிந்து விழுந்ததா? 2008-09 பருவத்தில் போர்ட்லன்ட் 54 ஆட்டங்களில் வென்றது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்குள்ளும் நுழைந்தது. 2009 கோடையில் புதிய ஆட்டக்காரரை வாங்க அதன் கையில் இடமும் இருந்தது. வாங்கவும் செய்தது. வாங்கப்பட்டவர் ஆண்ட்ரே மில்லர்! ஏழாண்டுகளுக்கு முன் மைல்சுக்கு மாற்றாகக் கைமாறிய அதே மில்லர்.

மைல்ஸ் அப்பருவத்தில் மெம்பிசுக்காக 34 ஆட்டங்கள் ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரி மூன்றரைப் புள்ளி. பெரிய எண்ணிக்கை அன்று. பழைய துள்ளல் திரும்பவில்லை என்று கூறுவோர் கூறலாம். ஆனால் ‘முடியாது’ என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவன் ஆடிய 34 ஆட்டங்களைப் புள்ளிக் கணக்கால் அளப்பது, எழுத்தறியாதவன் என்று ஒதுக்கப்பட்ட மாணவன் முதன்முதலாக எழுதிய கடிதத்தில் சந்திப்பிழை தேடுவதை ஒக்கும். அதுவே அவருடைய கடைசிப் பருவமாகவும் அமைந்தது.

இவ்வளவு நடந்த பிறகேனும் விதியைத் திருத்தினார்களா? 2011இல் உரிமையாளரும் தொழிற்சங்கமும் புதிய உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது பத்து என்பதை இருபத்தைந்து ஆக்கினர். இதைச் சீர்திருத்தம் என்று மெச்சியவர்களும் உண்டு! மதில் இருந்த இடத்திலேயே இருக்க, பதினைந்து ஆட்டம் தள்ளிக் கட்டியதில் என்ன சீர்திருத்தம்? முன்பு ஒன்பது ஆட்டம் வரை மீண்டு வந்தவனால் யாருக்கும் தொல்லை இல்லை. இனி இருபத்துநான்கு வரை தொல்லை இல்லை. கொஞ்சம் குணமடையலாம், முழுதும் குணமடைந்தால்தான் சிக்கல்! முழங்காலுக்கு எண்ணத் தெரியாது என்பதை அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த வழக்கறிஞர்கள் மறந்தனர் போலும்.

விதியை முற்றாக அகற்ற முடியாது என்று சொன்னவர்களுக்குப் பிற்காலத்தில் அவர்களே விடை கொடுத்தனர். மயாமி ஹீட் குழுவின் கிறிஸ் பாஷ் 2014இல் ஐந்தாண்டுகளுக்கு 118 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்தவர். 2015 பிப்ரவரியில் அவருடைய நுரையீரலில் குருதிக்கட்டி கண்டனர். தேறி வந்து ஆடினார். 2016 பிப்ரவரியில் மீண்டும் காலில் கட்டி. உயிருக்கே உலை வைக்கும் நோய். பாஷ் ஆடவே விரும்பினார். குழுவின் மருத்துவர்கள் இசையவில்லை. அங்கும் அதே கணக்கு குறுக்கே வந்தது. விடுவித்தபின் அவர் வேறெங்கேனும் 25 ஆட்டங்கள் ஆடிவிட்டால், எஞ்சிய இரு பருவங்களுக்கான 50 மில்லியனுக்கு மேற்பட்ட தொகை மயாமியின் ஏட்டில் மீண்டும் ஏறிவிடும். 2017இல் சங்கமும் தொழிற்சங்கமும் மயாமியும் பாஷும் கூடி ஒரு தனி உடன்பாடு கண்டனர். அவர் மீண்டும் ஆடினாலும், எத்தனை ஆட்டம் ஆடினாலும், அத்தொகை மயாமியின் கணக்கில் ஏறாது என்பதே அவ்வுடன்பாடு. அதன்பின் அவ்வாண்டு ஜூலையில் மயாமி அவரை விடுவித்தது.

ஆக, உடலை ஒரு பக்கமும் ஏட்டை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. நால்வர் அமர்ந்து பேசி, கையெழுத்திட்டால் போதும். பெரிய குழு, பெரிய ஆட்டக்காரர், பெரிய தொகை என்றதும் அது இயன்றது. ஈஸ்ட் செயின்ட் லூயிசின் மைல்சுக்காக 2009இல் அப்படி ஒரு மேசையைச் சுற்றி யாரும் அமரவில்லை. அவருக்குக் கிடைத்தது 29 வாயில்களுக்குச் சென்ற ஒரு மின்னஞ்சல்.

பாஷ் அதன்பின் ஆடவில்லை. 2019 மார்ச்சில் மயாமி அவருடைய முதலாம் எண் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றிச் சிறப்பித்தது. தண்டமில்லை என்று எழுதப்பட்ட அந்த உடன்பாட்டுக்கு ஒரே ஓர் ஆட்டத்தில்கூட வேலை வரவில்லை.